தூங்குமூஞ்சி மரத்து மதகுக்கால்

ஆய்வகத்துக்குள் நான் செய்த தவறுகள் ஏராளம். ஒரு வாரம் வளர்த்த பாக்டீரியாவைக் கைதவறிக் கொட்டியிருக்கிறேன். இரண்டு ஊர் மண்ணைக் கலந்துவிட்டு எது எந்த ஊர் என்று தெரியாமல் முழித்திருக்கிறேன். அவையெல்லாம் குப்பைக் கூடையோடு போயின. ஆனால் ஒரு வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, அரை நிமிடத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியம் ஐந்து பேரைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

நுண்ணுயிரியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் பேசச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அது நன்றாக முடிந்த விஷயம். இப்போது நினைத்தாலும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிற இடங்கள் அதில் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் தொடக்கம். தஞ்சை ஜில்லா முழுக்கக் கூலி, குத்தகை, நில உச்சவரம்பு என்று கொடிகள் பறந்த நேரம். சட்டம் சென்னையில் வந்துவிட்டது, வயல் வரப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று என் அப்பா சொல்வார். அவர் திருப்பனந்தாள் பக்கம் குத்தகைக்கு உழுதவர். எங்கள் வீட்டில் பி.எஸ்சி. அக்ரி படித்த முதல் ஆள் நான். எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான். அதனால் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வேகம் இருந்தது. தெரியாது என்று சொன்னால், "பொம்பளைப் புள்ளைய எடுத்தா இப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வாய்க்கால் தலைப்பில் இருந்த மதகு உடைந்து, ஊரின் பெரிய மிராசுதாருடைய நடவு வயல்கள் முழுவதும் மூழ்கிவிட்டன. நட்டுப் பத்து நாள் ஆன சம்பாப் பயிர். மேலே பச்சை நுனிகூடத் தெரியவில்லை.

பயிர்ச் சேதத்தைப் பார்த்துச் சொல்ல எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். சீனியர் லீவில் இருந்தார். என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த மதகு பழைய மாதிரி. வாய்க்காலின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மரக்கால்கள். அவற்றில் நீளமாக வெட்டியிருக்கும் காடிப் பள்ளத்தில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகித் தண்ணீரைத் தேக்குவார்கள். இடது கால் சேற்றுக்குள் முறிந்து, பலகைகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பாய்ந்திருந்தது. மிராசுதார் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, அந்த இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, மூங்கில் வைத்து வலது காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். முறிந்த காலின் மேல்பகுதி கரையில் வெயிலில் கிடந்தது. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுப்பட்டது போலக் கோடுகள்.

"கோடாலி வெச்சிருக்கானுங்க, பாருங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சயின்ஸ் படிச்சவங்க. சொல்லுங்கம்மா. தண்ணிக்குள்ள இருந்த மரம் தானா மக்கி ஒடியுமா?"

பத்து ஆண்கள் என் வாயைப் பார்த்தார்கள். நான் படித்த புத்தகத்தின் பக்கம் அப்படியே கண்முன் வந்தது. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். தண்ணீருக்கடியில், சேற்றுக்குள் காற்று கிடையாது.

"மூழ்கின மரம் மக்காதுங்க சார், சேத்துக்குள்ள காத்து போகாது" என்றேன். குரல் கணீரென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த மரத்தை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மதியமே ஐந்து பேரைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் வீரையன். அந்த மதகைத் திறந்து மூடித் தண்ணீர் விடுவது அவருடைய வேலை. மற்ற நால்வரும் மதகு அடைப்பில் அவரோடு நிற்கிறவர்கள். மதகை உடைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே என்பது போலீஸின் கணக்கு. எனக்கு இது மறுநாள்தான் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். சேலையில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஈரச் சாக்கில் எதையோ சுற்றி வைத்திருந்தார். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்று சண்டை போட்டதாகவும், இரண்டு பஸ் மாறி வந்ததாகவும் பிறகு சொன்னார். அவர் பெயர் காத்தாயி. வீரையனின் மனைவி.

"நேத்து கரையில நின்னு பேசுன அம்மா நீங்கதானே?"

"ஆமா. உள்ள வாங்க, உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "நீங்க சொன்னத நான் அந்தக் கரையில நின்னு கேட்டேன். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நீங்க சொன்னது தப்புங்க."

சாக்கை என் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மரத்துண்டு. பட்டையோடு இருந்தது. தண்ணீர் சொட்டியது.

"ஒடிஞ்ச காலோட அடிக்கட்டை இன்னும் சேத்துக்குள்ளதான் நிக்கிது. அதுலேருந்து எடுத்தாந்தேன்."

"எதால வெட்டினீங்க?"

"எதாலயும் வெட்டல. கையால பிச்சேன்" என்று தன் வலது கையை விரித்துக் காட்டினார்.

நான் அந்தத் துண்டைத் தொட்டேன். பட்டை என் கையோடு உறை மாதிரி கழன்று வந்தது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வழவழவென்று கறுப்பாக ஏதோ இருந்தது. மரத்தை விரலால் அழுத்தினேன். உள்ளே போனது. விரலை எடுத்ததும் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது.

"சேத்துக்குள்ள காத்து போகாதுன்னு சொன்னீங்கல்ல" என்றார் காத்தாயி. "எங்க அம்மா வீடு முத்துப்பேட்டைப் பக்கம். தேங்காய் மட்டைய உப்பங்கழிச் சேத்துல புதைச்சுப் போடுவோம், கயிறு திரிக்க. மேல சேத்தப் போட்டு மூடிடுவோம். ஆறு மாசம், எட்டு மாசம் ஆவும். எடுத்துத் தட்டினா நாரு தனியா, தூளு தனியா வந்துடும். காத்தே போகாத எடத்துல அத யாரு பிரிச்சு வெச்சா? சொல்லுங்க."

பதில் எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் வெட்கம். மட்டையை ஊறவைப்பதில் பாக்டீரியா வேலை செய்கிறது, அதற்குக் காற்று வேண்டியதில்லை என்று இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மட்டையை அவிழ்க்கிற பாக்டீரியா மரத்தை மட்டும் விட்டுவைக்குமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது வேறு பாடம், வேறு பக்கம்.

"ஏன் ஈரச் சாக்குல சுத்தினீங்க?"

"காஞ்சா சுருங்கிப் போயிடும்ல. மட்டையே அப்படித்தானே."

நான் ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி ஜன்னல் கட்டையில் வெயிலில் வைத்தேன். மீதியை வேலைக்கு எடுத்துக்கொண்டேன். வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. இரண்டு நாள் கழித்து ஊரிலேயே வந்து விசாரிக்கப்போகிறார் என்று காத்தாயி சொல்லியிருந்தார். அதற்குள் ஏதாவது சொல்ல முடிந்தால்தான் உண்டு.

சவர பிளேடால் மெல்லிய சீவல்கள் எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பூஞ்சையின் இழை ஒன்றுகூட இல்லை. ஆனால் மர உயிரணுக்களின் சுவர்களில் சின்னச் சின்னக் குச்சிகளாகப் பாக்டீரியாக்கள் வரிசையாக ஒட்டிக் கிடந்தன. சுவரில் அவை படுத்திருந்த இடமெல்லாம் பள்ளம். அரித்து அரித்துச் சுவரின் உட்பகுதி போய், வெளிக்கோடு மட்டும் நின்றது. தின்ற இடத்தில் தண்ணீர் நிரம்பிவிடுகிறது. அதனால் சேற்றுக்குள் இருக்கும்வரை மரம் மரமாகவே தெரிகிறது. பலம் மட்டும் இல்லை.

பன்னிரண்டு மணிவாக்கில் ஜன்னல் பக்கம் போனேன். வெயிலில் வைத்த துண்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள். நேற்று கரையில் பார்த்த "கோடாலி வெட்டு" அதே மாதிரி, அதே கட்டம் கட்டமாக.

நான் ஓடிப்போய்க் காத்தாயியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இதத்தான் அந்த இன்ஸ்பெக்டரு அருவா வெட்டு, கோடாலி வெட்டுன்னு அளந்து எழுதிக்கிட்டு இருந்தாரா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். புருஷன் ஸ்டேஷனில் இருக்கும்போது அப்படிச் சிரிக்கிற பெண்ணை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

இனி இதை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். சாயம் ஏற்றிய குச்சிகளைக் காட்டினால் ஆர்.டி.ஓ.வுக்கு என்ன புரியும்? பலம் போய்விட்டது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. வெளிச்சத்தை வடிகட்டுகிற இரண்டு தகடுகளை மைக்ராஸ்கோப்பில் மேலும் கீழும் வைத்து ஒன்றைத் திருப்பினால் எல்லாம் இருட்டாகிவிடும். அந்த இருட்டில் நல்ல மரத்தின் சுவர் மட்டும் பளபளவென்று மின்னும். பலம் தருகிற செல்லுலோஸ் போய்விட்ட சுவர் மின்னாது. எங்கள் ஆய்வகத்தில் அந்தத் தகடுகள் இல்லை. கேட்டு எழுதினால் வந்து சேர ஆறு மாதம் ஆகும்.

எங்கள் டைப்பிஸ்ட் ஹமீது நாகூர்க்காரர். அவருடைய மாமா கப்பலில் போய் வருகிறவர். அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டுதான் ஹமீது ஆபீசுக்கு வருவார், டைப் அடிக்கும்போதுகூடச் சில சமயம் கழற்ற மாட்டார். "தண்ணில பட்டு வர்ற கூச்சத்தக்கூட மறைச்சிடும், ஒரிஜினல்" என்று அவர் அடிக்கடி பீற்றிக்கொள்வது எனக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் அதுவும் அதே வகைத் தகடுதான்.

"ஹமீது, உங்க கண்ணாடி வேணும்."

"எதுக்கு மேடம்? வெளில போறீங்களா?"

"உடைக்கணும்."

அவர் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். காத்தாயி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹமீது கண்ணாடியைக் கழற்றி, ஒருதரம் துடைத்து, தானே ஸ்க்ரூவைத் திருகி இரண்டு கண்ணாடிகளையும் பிரித்துக் கொடுத்தார். "மாமாகிட்ட கடல்ல விழுந்துட்டுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

ஒன்றைக் கீழேயும் ஒன்றைக் கண்வைக்கும் இடத்திலும் பொருத்தித் திருப்பினேன். இருட்டு. ஆபீஸ் கதவிலிருந்து சீவிய நல்ல மரத்தை வைத்தேன். தீபாவளி மத்தாப்பு மாதிரி மின்னியது. மதகுக்காலின் சீவலை வைத்தேன். அங்கங்கே ஒரு பொறி. மற்றபடி இருட்டு.

எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. நான் எழுதிய அறிக்கையின் முதல் வரியைப் படித்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது. "சம்பவ இடத்தில் நான் வாய்மொழியாகத் தெரிவித்த கருத்து தவறு" என்று ஆரம்பித்திருந்தேன்.

"இத எதுக்கும்மா எழுதுறே? மேற்கொண்டு ஆய்வு செய்ததில்னு ஆரம்பிச்சா போதாதா?"

"அஞ்சு பேரு உள்ள இருக்காங்க சார். நான் சொன்னதாலதான்."

"சரி, பாக்டீரியா மரத்த இப்படி அரிக்கும்னு எங்க போட்டிருக்கு? ரெஃபரன்ஸ் எங்க?"

"தேடினேன் சார். நம்ம லைப்ரரில இல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சீவலை மாற்றச் சொன்னார். திரும்பவும் பார்த்தார். ஹமீதின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நாற்காலிக்குத் திரும்பி, என் கையெழுத்துக்குக் கீழே "நானும் பார்த்தேன்" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். "பொருத்தமான நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது" என்பதைத் தவிர அவர் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

விசாரணை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நடந்தது. ஆர்.டி.ஓ. கொஞ்சம் வயதானவர், பேச்சில் அவசரம் இல்லாதவர். மிராசுதார் வெள்ளை வேட்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் தொழிலாளர் குடும்பங்கள், முன்வரிசையில் காத்தாயி. நான் மைக்ராஸ்கோப்பை வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு பெஞ்சில் வைத்து, கீழே இருக்கிற வட்டக் கண்ணாடியை வானத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

முதலில் என் தவறைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பிறகு ஆர்.டி.ஓ. வந்து பார்த்தார். நல்ல மரம், மதகு மரம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். "அட" என்றார். "இவங்களும் பாக்கட்டும்" என்று கூட்டத்தைக் காட்டினார். வரிசை நின்றுவிட்டது. பார்த்துவிட்டு வந்த ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு விளக்கம் சொன்னார்கள். ஒரு பெரியவர் இரண்டாம் தரமும் வரிசையில் வந்து நின்றார். அதிகாரி மேல் இருந்த பயம், போலீஸ் மேல் இருந்த கோபம் எல்லாம் கொஞ்ச நேரம் எங்கோ போய்விட்டன. திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டி பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

மிராசுதார் மட்டும் எழுந்திருக்கவில்லை. "கண்ணாடிக்குள்ள மின்னுறது மின்னாததெல்லாம் இருக்கட்டும் சார். பதினஞ்சு வருஷம் நின்ன காலு, இவங்க வேலைய நிறுத்தின மூணாம் நாளு எப்படி ஒடியும்? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. நானும் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. எனக்கு முன்னால் காத்தாயி எழுந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரரு விடிஞ்சதும் போயி, தண்ணி ஏறியிருந்தா மேல் பலகைய ஒண்ணு எடுத்து விடுவாரு. இறங்குனா போடுவாரு. மூணு நாளா யாரும் போகல. ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. தண்ணி கட்டுற ஆளு இல்லாட்டி என்ன ஆவும்னு அந்த மரமே சொல்லிடுச்சு."

"அப்ப இவங்க வராததுதானே காரணம்?" என்றார் மிராசுதார்.

"வேலைக்கு வராதது குத்தமில்லீங்க" என்றார் ஆர்.டி.ஓ. "வெட்டினாங்களான்னுதான் கேள்வி."

அப்போதுதான் எனக்கு அந்த வலது காலின் ஞாபகம் வந்தது. இரண்டு கால்களும் ஒரே நாளில் நட்டவை என்று காத்தாயி சொல்லியிருந்தார். இரண்டும் தூங்குமூஞ்சி மரம், இரண்டையும் பட்டைகூட உரிக்காமல் நட்டிருந்தார்கள். பட்டைக்கு உள்பக்கம்தான் மரத்தில் சத்து அதிகம் உள்ள இடம். பாக்டீரியா அங்கேதான் முதலில் பந்தி போடும். வலது காலில் யாரும் கோடாலி வைத்ததாகச் சொல்லவில்லை. ஆனால் இப்போது மொத்தத் தண்ணீரையும், மணல் மூட்டைகளையும் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது.

"சார், நிக்கிற காலப் பாத்தா தெரிஞ்சிடும். அதுவும் இதே மாதிரிதான் இருக்கணும். சேத்துக்குள்ள கைய விட்டு அழுத்தினா போதும்" என்றேன்.

இந்தத் தடவையும் நான் பார்க்காததைத்தான் சொன்னேன். ஆனால் பார்த்துவிடலாம் என்றும் சொன்னேன். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று இப்போது உங்களிடம் சொல்ல முடிகிறது.

எல்லோரும் மதகுக்குப் போனோம். யார் இறங்குவது? தொழிலாளி இறங்கினால் மிராசுதார் நம்ப மாட்டார். அவருடைய ஆள் இறங்கினால் இவர்கள் நம்ப மாட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"நானே பாக்குறேன்" என்றார் மிராசுதார். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். வலது காலைக் கட்டிப்பிடித்தபடி குனிந்து, தோள்வரை கையைக் கீழே விட்டார்.

அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் அவர் கையில் என்ன படுகிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. "கெட்டியாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அவர் நிமிர்ந்தார். கையில் ஒரு பிடி மரம். ஊறிய அவல் மாதிரி விரலிடுக்கில் பிதுங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் போயிடும் சார்" என்றார். "விரலு உள்ள போவுது. இன்னைக்கே போயிடும்."

கரையில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். அந்த மனிதரோடு எனக்குப் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் மதிக்கிறேன்.

"அப்ப உடனே அடைக்கணுமே. யாரு அடைக்கிறது?" என்றார் ஆர்.டி.ஓ.

வெளியூர் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு மூட்டை அடுக்கத்தான் தெரியும். ஓடுகிற தண்ணீரில் அடைப்புப் போடத் தெரியாது.

"அடைக்கத் தெரிஞ்சவங்க அஞ்சு பேரும் ஸ்டேஷன்லதான் இருக்காங்க சார்" என்றார் காத்தாயி. முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். அதுதான் எங்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஆர்.டி.ஓ.வே சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு எழுதி, ஜீப்பைக் கொடுத்து சப்-இன்ஸ்பெக்டரை அனுப்பினார்.

அவர்கள் வருவதற்குள் பெண்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். தென்னை மட்டைகள் வந்தன. வைக்கோல் பிரி திரித்தார்கள். சவுக்குக் கழிகள் மிராசுதார் வீட்டுக் கொல்லையிலிருந்தே வந்தன, அவரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களிமண் கூடை தூக்கினேன். மூன்றாவது கூடையில் வழுக்கி விழுந்தேன். "டாக்டரம்மா விழுந்துட்டாங்க" என்று பத்துக் குரல் கேட்டது. நான் டாக்டர் இல்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கத் தயாராக இல்லை.

ஜீப் வந்து நின்றதும் ஐந்து பேரும் குதித்து இறங்கினார்கள். என்ன, ஏது என்று வீரையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார், வலது காலைப் பார்த்தார், இறங்கிவிட்டார். மதகுக்கு முன்னால் பிறை மாதிரி வளைத்துக் கழிகளை ஊன்றி, மட்டைகளைச் சாத்தி, வைக்கோலும் களிமண்ணும் மிதித்து ஏற்றினார்கள். அவர் கை காட்டுகிற இடத்தில் கூடை விழுந்தது. "இங்க போடுங்க! அங்க இல்ல, இங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் மிராசுதாரும் ஒரு கூடையை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடைப்பு ஏறக்குறைய முடிகிற நேரத்தில் வலது கால் போனது. நல்ல மரம் ஒடிந்தால் படார் என்று கேட்கும். இது சத்தமே போடவில்லை. தூக்கக் கலக்கத்தில் சாய்கிற மாதிரி மெல்லச் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. மூட்டைகள் சரிந்தன. புதிய அடைப்பு ஒருதரம் குலுங்கியது. வீரையனும் இன்னொருவரும் முதுகைக் கொடுத்து நின்றார்கள். அடைப்பு நின்றுவிட்டது.

பிறகு எழுந்த கூச்சலை என்னால் வார்த்தையில் கொண்டுவர முடியாது.

"தூங்குமூஞ்சி மரத்தக் கொண்டாந்து காவலுக்கு நிக்க வெச்சா வேற என்ன செய்யும்?" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. டீக்கடையிலிருந்து டீ வந்தது. ஆர்.டி.ஓ.வும் அங்கேயே நின்றதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி கிளாஸில் வந்தது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

காத்தாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மரத்தத் திங்கிற அந்தப் பூச்சிக்குப் பேரு என்னங்க?"

"பூச்சி இல்ல, பாக்டீரியா. தனிப் பேரு எனக்குத் தெரியல. வெச்சிருக்காங்களான்னே தெரியல."

"நம்ம ஊர்லதானே புடிச்சீங்க, நம்ம ஊரு பேரையே வெச்சிடுங்க" என்றார். நான் வைக்கவில்லை. மரத்தை அரிக்கிற பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு இன்றும் சரியான பெயர் இல்லை. உங்களில் யாராவது முயற்சி செய்யலாம். பொதுவாக அது மிக மெதுவான வேலை. நம் ஊர் வெப்பமும், வயலிலிருந்து வடிகிற சத்தும், பட்டையோடு நட்ட மெல்லிய மரமும் சேர்ந்து அங்கே அதைச் சீக்கிரப்படுத்தியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் அறிக்கையிலும் எழுதினேன்.

ஐந்து பேர்மேல் போட்ட வழக்கு சில வாரங்களில் கைவிடப்பட்டது. கூலிப் பேச்சுவார்த்தை அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு போய், அவர்கள் கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. மூழ்கிய நடவில் பாதி பிழைத்தது. புதிய மதகு சிமெண்டில் வந்தது.

ஆனால் அன்று மாலை கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. கூட்டத்தில் என் தவறைச் சொன்னபோது வீரையன் அங்கே இல்லை. அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். அவர் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கிட்டே போய் நின்றேன்.

"அன்னைக்கு மரம் மக்காதுன்னு சொன்னது நான்தாங்க. பாக்காமலே சொல்லிட்டேன். அதனாலதான் உங்கள புடிச்சிட்டுப் போனாங்க. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சேறு. கோபத்தைத் தேடினேன், இல்லை.

"நீங்க சொல்லாட்டியும் எங்களப் புடிச்சிருப்பாங்கம்மா" என்றார். "ஆனா இன்னைக்கு நீங்க சொல்லாட்டி விட்டிருக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் முதல் பாதியை நான் எனக்கு ஆறுதலாக எடுத்துக்கொண்டதே இல்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது பாதிக்காகத்தான் அடுத்த முப்பது வருடமும் சந்தோஷமாக வேலைக்குப் போனேன்.